முன்பணமாக வேண்டாம், கொடையாகக் கொடுங்கள்

ஆரணிப் பட்டு உற்பத்தியாளர்களுக்கும், மாஸ்டர் வீவர்களுக்கும், கடை வைத்திருக்கும் வணிகர்களுக்கும்,



உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்தியவன். பற்று எது, வரவு எது என்று உங்களில் சிலருக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன். அந்த உரிமையில்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன். கேட்கப்போவது பணம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு மே மாதம் வருகிறது. வந்த கையோடு கல்லூரி விண்ணப்பம், கலந்தாய்வு, சேர்க்கை என்று நாட்கள் ஓடுகின்றன. சீட்டு கிடைத்தவுடன் இத்தனை நாளுக்குள் பணம் கட்டு என்று கெடு வைக்கிறார்கள். நம் ஊருக்கு அது வைகாசி, ஆனி முகூர்த்த காலம். உங்கள் கடைகளில் கூட்டம் நெரியும் மாதம். அதே மாதத்தில்தான் உங்களுக்குப் புடவை நெய்து கொடுக்கும் வீட்டில் ஒரு தகப்பன், மகளின் மதிப்பெண் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, உங்கள் கடைப் படியேறி ஓரமாக நிற்கிறான். அவன் வந்தது எதற்கென்று உங்களுக்குத் தெரியும். நீங்களும் பெரும்பாலும் இல்லையென்று சொல்வதில்லை. அதற்காக உங்களை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் கொடுப்பதன் பெயர் முன்பணம். அந்தப் பெயரைப் பற்றித்தான் இந்த மடல் முழுவதும்.

கொசப்பாளையம் பக்கம் ஒரு வீட்டில் கூலி நோட்டு ஒன்றைப் பார்த்தேன். உங்கள் கையெழுத்திலும் உங்கள் கணக்குப்பிள்ளை கையெழுத்திலும் எழுதித் தரும் அதே நீள நோட்டுதான். இடப்பக்கத்தில் எந்தத் தேதியில் பாவு நூல் கொடுத்தது, எவ்வளவு பட்டு, எவ்வளவு ஜரிகை. வலப்பக்கத்தில் புடவை வந்த தேதி, கூலி, பிடித்தம். நடுவில் ஓரிடத்தில் 'காலேஜ் பீஸ் 30,000' என்று பச்சை மையில் ஒரு வரி. அதற்குக் கீழே புடவைக்குப் புடவை ஆயிரம் ரூபாய் பிடித்தம் இறங்கிக்கொண்டே வருகிறது. ஒரு பாவுக்கு மூன்று புடவை. மூன்று புடவைக்கு மூவாயிரம் குறைந்தது. பாதிக் கடன் தீரும் முன்பே 'இரண்டாம் வருஷம் பீஸ் 25,000' என்று மறுபடியும் பச்சை மை. பாக்கி பழைய இடத்தையும் தாண்டி ஏறிவிட்டது. மகள் பட்டம் வாங்கும் வருடத்தில் தகப்பன் கணக்கில் நிற்கும் தொகை, அவள் கல்லூரியில் சேர்ந்தபோது இருந்ததைவிட அதிகம். நோட்டில் ஒரு கூட்டல்கூடத் தவறில்லை. வட்டி என்று ஒரு பைசாவும் எழுதவில்லை. அந்த முதலாளி நேர்மையானவர்.

ஆனாலும் பாக்கி இருக்கும் வரை அந்தக் குடும்பம் வேறு இடத்தில் பாவு வாங்க முடியாது. கூலி உயர்த்திக் கேட்க நா எழாது. வீட்டில் உள்ள பையன், அக்காவின் கடன் தீரட்டும் என்று பத்தாம் வகுப்போடு தறியில் இறங்கிவிடுகிறான். ஒரு பிள்ளையின் படிப்பை இன்னொரு பிள்ளையின் படிப்பு கட்டுகிறது. இதை நான் ஒரு வீட்டில் மட்டும் பார்க்கவில்லை. சேவூரிலும் முள்ளிப்பட்டிலும் தேவிகாபுரத்திலும் என் மாணவர்கள் வீடுகளில் இதே கதையைக் கேட்டிருக்கிறேன்.

அரசு கொடுக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். கொடுக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தாலிக்குத் தங்கம் என்று நாம் அறிந்திருந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப் பெண் திட்டமாகி, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. கல்யாணத்துக்கென்று இருந்த பணத்தைக் கல்லூரிக்கென்று திருப்பிய அந்த முடிவு, கல்யாணப் புடவையை நம்பி வாழும் நம் ஊரில் எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை வகுப்பறையில் நின்று பார்த்திருக்கிறேன். பையன்களுக்கு அதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் இவை இப்போது அணைத்துக்கொள்கின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் உண்டு. மருத்துவத்தில் 2020இலும் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021இலும் வந்தது. அந்த இடத்தில் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. வீட்டில் யாரும் பட்டம் வாங்கியிராவிட்டால், கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேருபவருக்கு முதல் பட்டதாரிச் சலுகை. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பு மாணவர்களுக்குத் தனித்தனியே கல்வி உதவித்தொகை. நன்றாக மதிப்பெண் எடுத்தவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகை, பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய்.

இத்தனை இருந்தும் அந்தப் பச்சை மை வரி ஏன் வருகிறது?

முதல் காரணம் காலம். உதவித்தொகை என்பது சேர்ந்தபிறகு வருவது. கல்லூரியில் பெயர் ஏற வேண்டும், யூமிஸ் என்ற அரசு மாணவர் தகவல் தளத்தில் விவரம் ஏற வேண்டும், ஆதாரோடு வங்கிக் கணக்கு இணைந்திருக்க வேண்டும், வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் தாலுகா அலுவலகத்தின் ஒப்புதல் பெற்று வர வேண்டும். பணம் வரும்போது முதல் பருவமே முடிந்திருக்கும். சேர்க்கைக் கட்டணத்தையோ ஜூன் மாதமே கேட்கிறார்கள். அந்த இடைவெளியில் நிற்கும் பிள்ளைக்குத் தேவைப்படுவது லட்சங்கள் இல்லை. செய்யாறு அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ திருவண்ணாமலை கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரியிலோ இடம் கிடைத்தால் சில ஆயிரம் ரூபாயில் முதல் வருடம் தொடங்கிவிடும். அந்தச் சில ஆயிரம் அந்த வாரத்தில் கையில் இல்லாததால் சீட்டை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது காரணம் இதைவிட வேதனையானது. நம் நெசவாளர்களில் கொஞ்சம் துணிந்தவர்கள், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பிள்ளையைத் தனியார் மெட்ரிக் பள்ளியில் சேர்த்தார்கள். இங்கிலீஷ் மீடியம் படித்தால் தறியிலிருந்து தப்பிக்கும் என்ற நம்பிக்கை. பன்னிரண்டு முடிந்தபிறகுதான் தெரிகிறது, அரசுப் பள்ளியில் படிக்காததால் மாதம் ஆயிரமும் கிடையாது, 7.5 விழுக்காடும் கிடையாது. அரசுப் பள்ளிக்கு முன்னுரிமை தருவது சரிதான். நான் அங்கே வேலை பார்த்தவன், அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்தக் குடும்பமும் ஏழைதான். அவர்களுக்கென்று ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவை அரசு திறக்கும் வரை ஊர் திறக்கலாம்.

மூன்றாவதாக ஒன்று. மே மாதத்தில் நம் தெருக்களில் சில ஆட்கள் நடமாடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிமாநிலக் கல்லூரியின் பெயரைச் சொல்லி, 'ஸ்காலர்ஷிப்பிலேயே முழுப் படிப்பும்' என்று பேசி, அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு போகிறவர்கள். உதவித்தொகை வராது, வராத பணத்தைக் கட்டினால்தான் சான்றிதழ் என்பார்கள். கையில் காசும் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவரும் இருந்தால் எந்தத் தகப்பனும் அவர்களிடம் போக மாட்டான்.

இப்போது நான் கேட்பதைச் சொல்கிறேன். ஆரணிப் பட்டுத் தொழில் முழுவதற்குமாக ஒரு கல்வி நிதி தொடங்குங்கள். விற்கும் ஒவ்வொரு புடவைக்கும் பத்து ரூபாய். மாதம் இருநூறு புடவை அனுப்பும் ஒருவர் அதில் இரண்டாயிரம் போடுவார், வருடத்துக்கு இருபத்துநாலாயிரம். அப்படி ஐம்பது பேர் சேர்ந்தால் வருடம் பன்னிரண்டு லட்சம். ஒரு பிள்ளைக்குச் சராசரி இருபதாயிரம் என்றால் அறுபது பிள்ளைகள் கல்லூரி வாசலைத் தாண்டிவிடுவார்கள். முந்தியில் ஒரு ஜரிகைப் புட்டா கூடுதலாக வைத்தால் ஆகும் செலவுகூட இல்லை இந்தப் பத்து ரூபாய். புடவை வாங்கும் மணப்பெண் வீட்டாரிடம் பில்லிலேயே எழுதிக் காட்டுங்கள், மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள்.

இது நான் கண்டுபிடித்த வழியில்லை. விருதுநகர் வணிகர்களுக்கு மகமை என்று ஒரு வழக்கம் உண்டு. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கு எடுத்து வைப்பது. வீடுகளில் பெண்கள் சமைக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே போட்டு வைத்தார்கள். அந்த மகமையிலும் பிடி அரிசியிலும் வளர்ந்த பள்ளிதான் சத்திரிய வித்தியாசாலை. காமராஜர் படித்தது அங்கேதான். நாடார் மகாஜன சங்கம் 1910இல் தொடங்கிய பிறகு ஏழை மாணவர்களின் படிப்புக்கு உதவுவதை முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது. இன்னும் முன்னால் போனால், பச்சையப்பர் ஒரு துபாஷி, வியாபாரத்தில் சம்பாதித்தவர். 1794இல் அவர் எழுதி வைத்த உயிலின் பணம்தான், நீண்ட வழக்குக்குப் பிறகு, 1842இல் பள்ளிக்கூடமானது. இலங்கையில் பல்கலைக்கழக மாணவர்கள் வாங்கும் மகாபொல உதவித்தொகை 1981இல் சட்டமானது. அதற்கு வழிசெய்தவர் அப்போதைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி. வர்த்தகக் கண்காட்சியிலும் லாட்டரியிலும் திரண்ட பணம் அது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளும் அதை வாங்கித்தான் படிக்கிறார்கள். வணிகரின் கைப்பணம் படிப்புக்குப் போவது நம் மரபுக்குப் புதிதே இல்லை.

ஒன்று மட்டும் விருதுநகரிலிருந்து மாற வேண்டும். அது ஒரு சாதியின் நிதியாகத் தொடங்கியது. அன்றைய நிலைமை அப்படி. நம் நிதி தொழிலின் நிதியாக இருக்கட்டும். பாவு ஓட்டுபவர், சாயம் போடுபவர், தார் சுற்றும் கிழவி, ஜக்கார்டு அட்டை அடிப்பவர், தறி பூட்டுபவர், எந்தச் சாதி எந்த மதம் என்றாலும் ஆரணிப் புடவையில் கைபட்ட எல்லோரின் பிள்ளைகளுக்கும் அதில் உரிமை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது இந்த ஊரின் எல்லாக் கைகளுக்கும் சேர்த்துத்தான்.

கடனாகக் கொடுத்தால் என்ன, பணம் சுற்றி வருமே என்று உங்களில் ஒருவர் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் வசதியில்லாத மாணவர்களுக்கு, 1972இல் வந்த சட்டத்தின்படி, ஒரு கல்விக்கொடை தருகிறார்கள். 1980இல் அதற்கு செனட்டர் கிளேபோர்ன் பெல்லின் பெயரை வைத்தார்கள். 2024–25இல் ஒருவருக்கு அதிகபட்சம் 7,395 டாலர். திருப்பிக் கட்ட வேண்டாம். அந்த நாட்டில் கல்விக் கடனும் உண்டு. அதை வாங்கியவர்களில் பலர் நாற்பது வயதிலும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தேவை உள்ளவனுக்குக் கடன் கொடுத்தால் அவன் படிப்பை முடிக்கும்போதே கீழே கிடப்பான் என்று தெரிந்துதான் கொடையைத் தனியாக வைத்தார்கள். நம் ஊரிலோ கடன் கொடுப்பவரும் வேலை கொடுப்பவரும் ஒருவரே. ஆகவே இங்கே அது இன்னும் இறுக்கும். கொடையாகக் கொடுங்கள். நோட்டில் ஏற்ற வேண்டாம். படித்து முடித்த பிள்ளை பின்னால் தானாக நிதிக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், கேட்கக் கூடாது.

உங்கள் மனதில் உள்ள அச்சத்தையும் அறிவேன். எல்லாப் பிள்ளைகளும் படிக்கப் போய்விட்டால் தறியில் யார் உட்காருவது? இதை நீங்கள் வெளியே சொல்வதில்லை, நான் சொல்கிறேன். அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறார்கள். படிக்காமல் போகிறவன் செய்யாறு சிப்காட் செருப்புத் தொழிற்சாலைக்கும் ஒரகடம் ஆலைகளுக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போகிறான். படிப்பை மறுப்பதால் ஒரு தறிகூட மிஞ்சப் போவதில்லை. கூலி சரியாக இருந்தால் தறி மிஞ்சும். அது தனி மடலுக்கான விஷயம், எழுதுவேன்.

படித்துவிட்டு இதே தொழிலுக்குத் திரும்பி வர ஒரு வழியும் இருக்கிறது, அது நம் ஊரில் அநேகமாக யாருக்கும் தெரிவதில்லை. சேலத்தில் மத்திய அரசின் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நெசவு, சாயம், வடிவமைப்பு எல்லாம் அங்கே முறையான படிப்பு. கைத்தறித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், அரசு அங்கீகாரம் பெற்ற ஜவுளிக் கல்வி நிறுவனங்களில் டிப்ளமோவோ பட்டமோ படித்தால், தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் ஒரு குடும்பத்தில் இரண்டு பேர் வரை, ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை உதவித்தொகை வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். உங்கள் அடுத்த டிசைனை வரைபவர் உங்கள் நெசவாளியின் மகளாக ஏன் இருக்கக் கூடாது?

இதற்கெல்லாம் முதலில் அந்தத் தகப்பன் நெசவாளர் என்று காகிதத்தில் இருக்க வேண்டும். 2019–20இல் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு நடந்தபோது அடையாள அட்டைக்குப் பெயர் எழுதிக்கொண்டார்கள். வீட்டில் இல்லாதவர்கள் விட்டுப்போனார்கள். கைத்தறி மற்றும் கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால், பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை உண்டு. பெரிய தொகையில்லை. ஆனால் புத்தகத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் ஆகும். அந்தப் பதிவுக்கு இவர் என்னிடம் நெசவு செய்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட உங்களில் சிலர் தயங்குகிறீர்கள். நாளைக்கு ஏதாவது கேட்டு வருவார்களோ என்ற பயம். தயவுசெய்து அந்தக் கையெழுத்தைப் போடுங்கள். இதற்குப் பத்து ரூபாய்கூடச் செலவில்லை.

நிதியை எப்படி நடத்துவது என்று கடைசியாகச் சில வார்த்தை. முடிவெடுக்கும் குழுவில் நீங்கள் மட்டும் இருந்தால் அது மறுபடியும் முன்பணமாகிவிடும். உங்களிடம் நெய்பவனின் பிள்ளைக்கு முதலில் என்று வந்து நிற்கும். ஆகவே பள்ளித் தலைமையாசிரியர்கள் இருவர், தறியில் உட்காரும் நெசவாளர் இருவர், அதில் ஒருவர் கட்டாயம் பெண், இவர்களும் இருக்கட்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏழை மாணவர்களைக் கல்லூரியில் படிக்கவைக்கும் விதைத் திட்டத்தை 2010இல் தொடங்கியது முதல் அகரம் அறக்கட்டளை அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது. மதிப்பெண் சொல்லாததை வீட்டுத் தரை சொல்லிவிடும். பக்கத்து வேலூரில் விஐடி வேந்தர் கோ. விசுவநாதன் முன்னின்று தொடங்கிய அனைவருக்கும் உயர்கல்வி அறக்கட்டளை பலரிடம் நன்கொடை திரட்டி இதே வேலையைச் செய்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கணக்கு வழக்கு எப்படி வைக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். முதல் மதிப்பெண் வாங்கியவருக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். அவர்களுக்கு உதவப் பலர் வருவார்கள். இரவில் தார் சுற்றிக் கொடுத்துவிட்டுக் காலையில் தேர்வு எழுதி அறுபது விழுக்காடு எடுத்தவளுக்கு யாரும் வருவதில்லை.

பணத்தைக் கல்லூரிக் கணக்கில் நேராகக் கட்டுங்கள், சீட்டு கிடைத்த மூன்றாம் நாளுக்குள். மேடை வேண்டாம். பெரிய அட்டைக் காசோலையைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் படம் எடுத்து பேனர் வைக்க வேண்டாம். பதினேழு வயதுப் பெண் ஊர் நடுவில் ஏழை என்று அறிவிக்கப்படுவதற்குக் கூச்சப்பட்டு, உதவியே வேண்டாம் என்று சொன்னதை நேரில் கேட்டிருக்கிறேன். உங்கள் பெயர் ஊருக்குத் தெரிய வேண்டுமென்றால் வருட முடிவில் வரவு செலவை அச்சடித்து ஒவ்வொரு கடையிலும் ஒட்டுங்கள். கொடுத்தவர் பெயர் இருக்கட்டும், வாங்கியவர் பெயர் வேண்டாம்.

அடுத்த தேர்வு முடிவு வருவதற்குள் நிதி கையில் இருக்க வேண்டும். அதனால் தை முகூர்த்தம் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுங்கள். இடம் நீங்களே சொல்லுங்கள். முதல் மூன்று வருடத்துக்குக் கணக்கு எழுதும் பொறுப்பை நான் ஏற்கிறேன், சம்பளம் வேண்டாம். கூட்டத்துக்கு வரும்போது உங்கள் கூலி நோட்டையும் எடுத்து வாருங்கள். அதில் பிள்ளைகளின் படிப்புக்கென்று ஏறி நிற்கும் பாக்கியை எந்த அளவுக்குத் தள்ளுபடி செய்யலாம் என்பதை அன்றைக்கே பேசி முடிவெடுப்போம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர்,
ஆரணி.